வலிப்பும் ஞாபகமும்: ராமநாதபுரம் கரையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

நான் கிளினிக்கல் நியூரோசைக்காலஜிஸ்ட். வலிப்பு உள்ளவர்களின் ஞாபகம், கவனம், பேச்சு, படிப்பு ஆகியவற்றைச் சோதிப்பதும் அதையே ஆராய்வதும் என் தொழில். சொந்த ஊர் மண்டபம் பக்கம். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிப்பட்டினம், தொண்டி என்று இந்தக் கரையிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஃபிட்ஸ் நிக்குமா?" என்பதைத்தான். அதற்கு நரம்பியல் டாக்டர் பதில் சொல்வார். அதற்கு அப்புறம், கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்றபடி கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், முதலிலேயே கேட்க வேண்டியவை இவைதான்.

நீங்கள் மூளை டாக்டரா, மனநல டாக்டரா?

இரண்டும் இல்லை. மாத்திரை எழுதித் தருகிற உரிமை எனக்குக் கிடையாது. நரம்பியல் டாக்டர் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் பார்த்து வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று சொல்வார். அதனால் அந்த ஆளுக்கு எது முடிகிறது, எது முடியவில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஸ்கேன் சுத்தமாக இருந்தும் கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறவர்கள் உண்டு. ஸ்கேனில் தழும்பு தெரிந்தாலும் மீன் ஏலக் கணக்கை மனதிலேயே போடுகிறவர்களும் உண்டு. படத்தைப் பார்த்து மட்டும் ஆளைச் சொல்லிவிட முடியாது.

மாதத்தில் ஒரு தடவை, ரெண்டு நிமிஷம்தான் வலிப்பு வருகிறது. மீதி நாளெல்லாம் ஏன் மறதி?

பல காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதால்தான்.

முதல் காரணம் இடம். பெரியவர்களுக்கு மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புகளில் அதிகம் காணப்படுவது காதுக்கு உள்பக்கமாக இருக்கும் டெம்பொரல் மடலில் தொடங்குவது. புதிய விஷயத்தை ஞாபகத்தில் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அங்கேதான் இருக்கிறது. வலிப்பு கிளம்பும் இடமும் ஞாபகம் பதியும் இடமும் ஒன்றாக இருந்தால் வலிப்பு வராத நாளிலும் அங்கே வேலை சரியாக நடக்காது. வெளியே எதுவும் தெரியாமல், இரண்டு வலிப்புகளுக்கு நடுவிலும் சின்னச் சின்ன மின்பொறிகள் இ.இ.ஜி.யில் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தூக்கம். பலருக்கு ராத்திரியில் வரும் வலிப்பு வீட்டில் யாருக்குமே தெரியாது. காலையில் நாக்கு கடிபட்டிருக்கும், படுக்கை நனைந்திருக்கும், உடம்பெல்லாம் வலிக்கும். அவ்வளவுதான் தடயம். பகலில் படித்ததும் கேட்டதும் நிலைபெறத் தூக்கம் வேண்டும். அது உடைந்தால் ஞாபகமும் உடையும். மாத்திரையின் பங்கு தனி, அதற்குக் கீழே வருகிறேன். மனச்சோர்வும் உண்டு. "எனக்கு எல்லாமே மறந்துபோகுது" என்று அழுகிறவர்களில் ஒரு பகுதியினர் சோதனையில் நன்றாகவே செய்வார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியது சோர்வுக்குத்தான். வலிப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம், ஆனால் அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு.

இன்னொரு விஷயம் பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கும். சில குழந்தைகளுக்குப் படிப்பில் தடுமாற்றம் முதல் வலிப்புக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஹெர்மன் என்ற நியூரோசைக்காலஜிஸ்டும் அவரோடு வேலை செய்தவர்களும் புதிதாக வலிப்பு வந்த குழந்தைகளைச் சோதித்து இதைக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளின் மூளையில் வலிப்புக்கும் படிப்புச் சிரமத்துக்கும் ஒரே அடிப்படைக் கோளாறு காரணமாக இருக்கலாம். எனவே "ஃபிட்ஸ் வந்த பிறகுதான் பிள்ளை மக்காயிட்டான்" என்று யாராவது சொன்னால், பழைய மார்க் அட்டைகளை எடுத்துவரச் சொல்வேன்.

மாத்திரைதான் மந்தமாக்குகிறது என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரலாம், அது உயிருக்கு ஆபத்து. ஆனால் நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழைய, மலிவான பீனோபார்பிட்டோன் மாத்திரை மந்தத்தைக் கொடுக்கும். காய்ச்சலோடு வலிப்பு வந்த சின்னக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1990ல் வெளியானது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த குழந்தைகளைவிட இவர்களின் ஐ.க்யூ. சராசரியாக 8 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. டோபிரமேட் எடுக்கிறவர்களில் சிலருக்குப் பேசும்போது சொல் வாயில் வராமல் நிற்கும். லெவெடிராசிட்டம் ஞாபகத்தை அதிகம் தொடாது. ஆனால் சிலருக்குக் கோபத்தைக் கிளப்பிவிடும். "இவன் இப்படிப்பட்ட பிள்ளையே இல்லை" என்று அம்மா சொன்னால், எந்த மாத்திரை எப்போது மாறியது என்று முதலில் பார்ப்பேன். இரண்டு, மூன்று மாத்திரைகள் சேரும்போதும் அளவு கூடும்போதும் சிரமம் அதிகமாகும்.

ஆகவே மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாதம் எது மாறியது, அதன் பிறகு என்ன கவனித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். "மந்தமா இருக்கான்" என்று வெறுமனே சொல்வதைவிட அது பலமான சாட்சி.

வல்லாரை கொடுக்கலாமா?

துவையலாகச் சாப்பிடலாம். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

எட்டு வயதுப் பையன். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்க்கிறான். டீச்சர் கவனமில்லை என்கிறார்.

டீச்சர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஆனால் ஆப்சென்ஸ் என்ற வகை வலிப்பும் இப்படித்தான் இருக்கும். பத்து நொடி போல ஆள் இருந்த இடத்திலேயே நின்றுபோவான், கண் இமை லேசாகத் துடிக்கும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். விழ மாட்டான், நுரை தள்ளாது. அதனால் வீட்டில் யாரும் இதை வலிப்பு என்றே நினைப்பதில்லை. ஒரு நாளில் பல தடவை வரும். கூப்பிட்டாலோ தோளைத் தொட்டாலோ திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் கனவு காண்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம், பார்க்காவிட்டால் இ.இ.ஜி. எடுங்கள்.

இதில் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே படிப்போடு சம்பந்தப்பட்டது. எதோசக்சிமைடு, வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் மூன்றையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2010ல் வந்தது. வலிப்பை அடக்குவதில் முதல் இரண்டும் சமம். ஆனால் வால்ப்ரோயேட் எடுத்த பிள்ளைகளுக்குக் கவனச் சிதறல் அதிகம். வலிப்பை மட்டும் எண்ணியிருந்தால் இந்த வித்தியாசம் வெளியே வந்திருக்காது. என் துறை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

என் அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. கடல்பாசி எடுக்கிற வேலை. அவருக்கு என்ன டெஸ்ட் வைப்பீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடித்தான் என் ஆராய்ச்சி ஆண்டுகளில் பெரும்பகுதி போயிருக்கிறது.

எங்கள் சோதனைகள் பலவும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் பிரபலமான சோதனை ஒன்றில் பீவர் என்ற விலங்கும் எஸ்கிமோக்களின் பனிவீடும் வரும். பாம்பனில் ஒருவர் அதற்குப் பெயர் சொல்லவில்லை என்றால் மூளையில் குறை என்று எழுதுவதா? இன்னொரு சோதனையில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். பென்சிலே பிடித்திராத கைக்கு அது மூளைச் சோதனையே இல்லை.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் 2004ல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இதில் பெரிய உதவி. வயது, படிப்பு என்று பிரித்து, படிக்காதவர்களையும் சேர்த்து, நம் நாட்டு ஆட்களிடமே அளவுகோல் எடுத்தார்கள். அதில் வார்த்தைப் பட்டியல் சோதனை எனக்கு மிகவும் உபயோகம். பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வோம். இப்படி ஐந்து முறை. நடுவில் வேறொரு பட்டியல். பிறகு கொஞ்ச நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, பழைய பட்டியலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்போம். ஐந்து முறையில் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது, இடைவேளைக்குப் பிறகு எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பார்த்தால், ஆள் கற்கவே சிரமப்படுகிறாரா, கற்றது தங்கவில்லையா என்று பிரித்துவிடலாம். எழுதத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்கின் பெயர் சொல்ல முடியும் என்றும் கேட்போம். கரையோரப் பெண்களிடம் ஆடு, மாடு, நாய் என்று தொடங்கிச் சீக்கிரமே நின்றுவிடும். மீன் என்று மாற்றிக் கேட்டால் சீலா, பாறை, சூடை, விளமீன், காரல், திருக்கை, ஊளி என்று மூச்சுவிடாமல் வரும், நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையை எதோடு ஒப்பிடுவது? பெங்களூரில் விலங்குப் பெயருக்கு எடுத்த அளவுகோலோடு முடியாது. வலிப்பு இல்லாத, அதே வேலை செய்கிற, அதே வயதுப் பெண்களிடமும் கேட்டு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வரும் அக்கா, மதினி, பக்கத்து வீட்டுக்காரி எல்லோரையும் "நீங்களும் கொஞ்சம் உட்காருங்க" என்பேன். சிலருக்குக் கோபம் வரும், "எனக்கு என்னம்மா நோவு?" என்று. அவர்கள் இல்லாமல் இந்த ஆராய்ச்சி இல்லை.

உங்கள் அம்மாவிடம் சோதனையோடு அவர் நாளையும் கேட்பேன். எந்தத் தீவுப் பக்கம் எந்த நேரம் தண்ணீர் வற்றும், கூடப் போனவர்கள் யார், பாசி எடை போட்டது எவ்வளவு, பணம் வாங்கியாயிற்றா. இவை தப்பத் தொடங்கியிருந்தால் எந்த மதிப்பெண்ணையும்விட எனக்கு அது முக்கியம்.

வலிப்போடு கடலுக்குப் போகலாமா?

நேராகச் சொல்கிறேன்: வலிப்பு அடங்காதவர் தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து வலிப்பு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கிணறு, ஊருணி, குளியலறைத் தொட்டிகூட இதில் சேரும். சங்கு குளிக்கிறவர்களும் பாசிக்கு மூழ்குகிறவர்களும் வேலையை மாற்ற வேண்டிவரும். அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

விசைப்படகில் இன்னொரு சிக்கல். ராத்திரி முழுக்கக் கண்விழித்து வலை இழுப்பது, மாத்திரை தவறுவது, கரைக்கு வந்ததும் குடிப்பது என மூன்றுமே வலிப்பைத் தூண்டும். பல ஆண்டுகளாக வலிப்பு வராதவர்கள் டாக்டரிடம் பேசி, படகில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போவதுண்டு. அப்படிப் போனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். ஒருநாள் மாத்திரையோடு போகாதீர்கள். படகு பழுதாகலாம், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டும் போகலாம். சில நாளுக்கான மாத்திரையும் சீட்டின் நகலும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.

வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுக்கலாமா?

வேண்டாம். சாவியும் இரும்பும் வலிப்பை நிறுத்தாது. இரண்டு மூன்று நிமிடத்தில் அது தானாக நிற்பதால், நிறுத்திய பெருமை கொடுத்த இரும்புக்குப் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஆபரேஷன் செய்தால் ஞாபகம் போய்விடுமா?

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார். 1953ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், அடங்காத வலிப்பு கொண்ட 27 வயது ஹென்றி மொலைசனுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. மான்ட்ரியலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற நியூரோசைக்காலஜிஸ்ட் வந்து அவரைச் சோதித்தார். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முன்பு வரைந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கம் ஓரிடம், நிகழ்ச்சி நினைவு வேறிடம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அவரால்தான். 2008ல் அவர் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் எச்.எம். என்ற எழுத்துகளாகவே இருந்தார்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் அப்படி எடுப்பதில்லை. இப்போது ஒரு பக்கம் மட்டும், அதுவும் மறுபக்கம் தாங்குமா என்று பார்த்துவிட்டு. பலருக்குப் பேச்சும் சொல் ஞாபகமும் இடதுபக்கத்தைச் சார்ந்திருக்கும். இடது டெம்பொரல் அறுவைக்குப் பிறகு சொல் ஞாபகம் குறைகிறவர்கள் சுமார் 44 சதவீதம், வலதில் சுமார் 20 சதவீதம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. யாருக்கு இழப்பு அதிகம் என்பதில் ஒரு முரண் இருக்கிறது: அறுவைக்கு முன் ஞாபகம் நன்றாக இருப்பவருக்கும், எடுக்கப்போகும் ஹிப்போகாம்பஸ் ஸ்கேனில் நல்ல நிலையில் தெரிபவருக்கும்தான். ஏற்கெனவே சுருங்கிப்போன பகுதியை எடுத்தால் இழக்க அதிகம் இருக்காது.

சரி, பலன்? கனடாவில் 80 பேரை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2001ல் வந்தது. ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் குழந்தைகளிடம் செய்து 2017ல் வெளியிட்ட ஆய்வில் வலிப்பு நின்றவர்கள் 77 சதவீதமும் 7 சதவீதமும். சரியான மருந்து இரண்டை முறையாக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அறுவைக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் பலர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே வலிப்பு அறுவை 1995லிருந்து நடக்கிறது.

ஆளைப் பொறுத்தும் முடிவு மாறும். கணக்கு எழுதிப் பிழைக்கிறவருக்கும் வலை பின்னிப் பிழைக்கிறவருக்கும் சொல் ஞாபகத்தின் விலை ஒன்றல்ல. இந்தப் பேச்சு அறுவைக்கு முன்னால் நடக்க வேண்டும், வீட்டார் முன்னிலையில்.

ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். தர்காவுக்கு மதம் பார்க்காமல் எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள், அங்கே கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். தொழுகையும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும் என்று அங்கேயே தவா-துவா என்ற பெயரில் மனநல சிகிச்சையும் அரசு ஏற்பாட்டில் வந்தது. சங்கிலிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் அனுமதிப்பதில்லை. வலிப்பு முடிந்த சில நிமிடங்கள் ஒருவர் குழம்பிப்போய் தள்ளுவார், ஓடுவார். அதைப் பேய் என்று நினைத்துத்தான் பலரைக் கட்டுகிறார்கள்.

நாங்கள் பன்றிக்கறி தொடுவதே இல்லை. மூளையில் புழு என்கிறார்கள்?

சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் வயிற்றில்தான் நாடாப்புழு வரும். மூளைக்குப் போவது அதன் முட்டை வயிற்றுக்குள் பொரிந்து வரும் இளம்புழு. அந்த முட்டை, புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீர், கழுவாத காய், கழுவாத கை வழியாக யாருக்கும் வரலாம். நம் நாட்டில் வலிப்புக்கு இது முக்கியமான காரணம், பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும்.

பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறோம். சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். ஒரு காலத்தில் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பும் தடையாக இருந்தது. 1999ல் அதை எடுத்துவிட்டார்கள். மறைத்துக் கட்டிவைத்தால், மாமியார் வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டுத் தவறவிட்டு, புது இடத்தில் தூக்கமும் கெட்டு, முதல் மாதமே வலிப்பு வரும். இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அதைவிட அவசரம், அவர் எடுக்கும் மாத்திரை எது என்பது. வால்ப்ரோயேட் என்றால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2013ல் வந்தது. ஆறு வயதில் சோதித்தபோது, தாய் வால்ப்ரோயேட் எடுத்த பிள்ளைகளின் ஐ.க்யூ. மற்ற மூன்று மருந்துகளோடு ஒப்பிட்டால் 7 முதல் 10 புள்ளிவரை குறைவு. அளவு கூடக்கூடக் குறைவும் கூடியது. கர்ப்பம் தெரிந்த பிறகு பதறி நிறுத்துவது அதைவிட ஆபத்து. முன்கூட்டியே மாற்றுவதும் ஃபோலிக் அமிலம் தொடங்குவதும்தான் வழி.

என் மகள் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறாள்.

வரட்டும், ஆள் போதவில்லை. உளவியலில் இளநிலை, முதுநிலை, அப்புறம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சி. ஆர்.சி.ஐ. பதிவு எண் இல்லாமல் நோயாளியைச் சோதிக்கக் கூடாது. படிப்புகளின் பெயரும் அமைப்பும் மாறிவருவதால் சேருவதற்கு முன் ஆர்.சி.ஐ. பட்டியலில் கல்லூரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நியூரோசைக்காலஜியில் முனைவர் பட்டம். புள்ளியியல் பிடிக்க வேண்டும். ஒரே கேள்வியை ஆயிரம் பேரிடம் அதே குரலில் கேட்கும் பொறுமையும் வேண்டும். மூன்றாவதாக, தமிழ் நன்றாகத் தெரிய வேண்டும். சோதனைச் சொற்பட்டியல் செய்யும்போது தொண்டியில் புழங்கும் சொல் மதுரையில் புழங்குமா என்று யோசிக்காதவர் நல்ல சோதனை செய்ய முடியாது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், அறுவை மருத்துவர் அளவுக்கு வராது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சோதனைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்து வாருங்கள், பெயரை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டாம். பழைய ஸ்கேன், இ.இ.ஜி., பள்ளி மார்க் அட்டை. படிக்கக் கண்ணாடி போடுகிறவர் அதை மறக்க வேண்டாம்; கண் தெரியாததை ஞாபகக் குறை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. முன்தினம் நன்றாகத் தூங்கி, காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டு வாருங்கள். முந்தின நாள் வலிப்பு வந்திருந்தால் போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். வலிப்பு வரும்போது யாராவது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் நரம்பியல் டாக்டருக்கு அது மிகவும் உதவும். ஏறக்குறைய அரை நாள் ஆகும். கடலுக்குப் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வருவது வசதி, அப்போது கூட்டமும் அதிகம் என்பதால் முன்பே சொல்லிவையுங்கள். கூட வருகிறவர் தினமும் அவரோடு இருப்பவராக இருக்கட்டும்.